தாடியிலிருந்து விழுந்த படிகம்

ஆல்டர்ஷா கல்லூரியில் பேராசிரியர் பிம்மை நேரில் பார்க்காதவர்கள்கூட அவருடைய தாடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். மேல்மாடி ரசாயனக் கூடத்தில் ஏதாவது ஒரு கரைசல் எத்தனை நாள் வைத்தாலும் படிகமாகாமல் எண்ணெய் மாதிரி அடம்பிடித்தால், மாணவர்கள் ஏதோ சந்தேகம் கேட்கிற சாக்கில் அவரை அழைப்பார்கள். அவர் குனிந்து, மூக்கை உள்ளே விடாத குறையாகப் பார்த்து, "பொறுமை வேணும்யா, பொறுமை!" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் குடுவையில் படிகம் மின்னிக்கொண்டிருக்கும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முப்பது வருடமாக அந்தக் கூடத்தில் பறந்த தூசெல்லாம் அந்தத் தாடியில் குடியிருந்தது. கரைந்து கிடக்கிற மூலக்கூறுகளுக்கு எப்படி வரிசையில் நிற்பதென்று தெரியாது. அதே பொருளின் துணுக்கு ஒன்று மேலேயிருந்து விழுந்துவிட்டால் போதும், அதைப் பார்த்து மற்றவை ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் தெரிந்த இந்த ரகசியம் பிம்முக்கு மட்டும் தெரியாது. தன் பார்வையிலேயே ஒரு கைராசி இருப்பதாக அவர் மனதார நம்பினார். நல்ல மனிதர்தான், தற்பெருமை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஹெஸ்டர் ஓல்ட்ராய்டுக்கு இப்போது அந்தத் தாடி தேவைப்பட்டது.

அவள் வேலை செய்தது அதே கட்டிடத்தின் அடித்தளத்தில், டாக்டர் கார்சைடின் எக்ஸ்ரே அறையில். இரண்டு வருடமாக மற்றவர்களுடைய படங்களுக்குக் கூட்டல் போட்டுக்கொடுப்பதுதான் அவள் வேலை. கூட்டல் என்றால் சாதாரணக் கூட்டல் இல்லை. மரப்பெட்டி நிறைய எண் அச்சிட்ட அட்டைப் பட்டிகள்; அதிலிருந்து எடுத்து, அடுக்கி, கூட்டி, திருப்பி அதே இடத்தில் செருகவேண்டும். பெட்டி கவிழ்ந்தால் அழுதுகொண்டே ஒரு நாள் முழுக்க அடுக்கவேண்டும். இந்தக் குளிர்காலத்தில்தான் கார்சைட் அவளைக் கூப்பிட்டு, அவளுக்கென்று ஒரு கணக்கைக் கொடுத்தார்.

கணக்கு பிம்முடையது. மேட்டுநிலப் பாறைகளில் படர்கிற ஒரு பாசியிலிருந்து அவர் கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். அதன் நடுவில் அணுக்கள் ஒரு வளையமாகக் கைகோத்து நிற்கின்றன. அந்த வளையத்தில் ஆறு அணு என்பது பிம்மின் வாதம். தெற்கே ஒருவர் ஐந்து என்றார். நான்கு வருடமாக இருவரும் பத்திரிகைகளில் மரியாதையான ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு நல்ல படிகம் கிடைத்தால் எக்ஸ்ரே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் பிம் கொடுத்த பொருள், ஹெஸ்டர் என்ன செய்தும், தேன்பாகாகவே கிடந்தது.

"ஈஸ்டர் வரைக்கும் பாரும்மா," என்றார் கார்சைட். "அதுக்குள்ள ஒண்ணும் தேறலைன்னா மிச்சத்த லண்டன் பக்கம் ஒரு கூடத்துக்கு அனுப்பிடுவேன்னு பிம் சொல்லிட்டார். அவங்ககிட்ட பெரிய மெஷின் இருக்கு."

"அப்ப நான்?"

"நீ பழையபடி பட்டி அடுக்கவேண்டியதுதான்." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஹெஸ்டர் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். எதிர் மேஜையில் நெஸ்டா இருந்தாள். வேல்ஸ்காரி, வாய்த்துடுக்கு அதிகம், கணக்கில் புலி.

"தாடியக் கூப்பிடு," என்றாள் நெஸ்டா.

"வருவாரா? நம்மள போட்டோ ஸ்டுடியோக்காரிங்கன்னு இல்ல சொல்றாரு."

"மாசக்கணக்கா மேல அதே பொருளோட மல்லுக்கட்டினவரு. தாடியில ஒரு துளியாவது ஒட்டியிருக்காதா? நீ கூப்பிடுடி. வராம எங்க போவாரு, பாராட்டினா வந்துடுவாரு."

பாராட்டினாள், வந்துவிட்டார். பிப்ரவரி மாலை, நாலு மணிக்கே இருட்டிவிட்டது, வெளியே மழை. பிம் உள்ளே நுழைந்ததும் அறையில் எலுமிச்சை வாசனை வந்தது. சுவரில் மாட்டியிருந்த பிலிம்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கறுப்பும் வெள்ளையுமாய், வரிசை வரிசையாய்ப் புள்ளிகள், அவ்வளவுதான்.

"இதுல மூலக்கூறு எங்கம்மா இருக்கு? பேன் மேய்ஞ்ச மாதிரி இருக்கு. முப்பது வருஷம் காய்ச்சி வடிச்சு, முகர்ந்து, நக்கிப் பார்த்து நான் ஆறுன்னு சொல்றேன். நீங்க புள்ளியப் பார்த்துச் சொல்லுவீங்களாக்கும்!"

ஹெஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். மூலையிலிருந்த தன் குடையை எடுத்து விரித்து, ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

"துணிக்குப் பின்னாடி நின்னு, அந்தத் தெருமுனை விளக்கப் பாருங்க ப்ரொபசர்."

பிம் குனிந்து பார்த்தார். ஒரே விளக்குதான், ஆனால் குடைத்துணி வழியாகப் பார்த்தபோது அது நடுவில் ஒன்றும், சுற்றிலும் சதுரம் சதுரமாகப் பலவுமாகச் சிதறித் தெரிந்தது. ஹெஸ்டர் குடையின் காம்பை மெல்லச் சுழற்றினாள். புள்ளிகளும் கூடவே சுழன்றன.

"அடேடே!"

"நூலு கண்ணுக்குத் தெரியுதா?"

"இல்ல."

"ஆனா நூலு எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லிடலாம். நெசவு நெருக்கமா இருந்தா புள்ளி விலகி நிக்கும். நூலு விலகி இருந்தா புள்ளி நெருங்கி வரும். புள்ளிய அளந்தா நூலு இடைவெளி வந்துடும். படிகமும் துணிதான் ப்ரொபசர், அணுவால நெய்த துணி. நெசவு ரொம்பப் பொடி, அதனால விளக்கு வெளிச்சம் பத்தாது. எக்ஸ்ரே வேணும்."

"நெசவு தெரியும், சரி. பூ? துணியில போட்ட பூ என்ன பூன்னு எப்படித் தெரியும்?"

கேள்வி நல்ல கேள்வி என்பதால் ஹெஸ்டருக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போயிற்று. "எல்லாப் புள்ளியும் ஒரே பிரகாசமா இல்லையே. ஒண்ணு பளிச்சுன்னு இருக்கு, பக்கத்துல ஒண்ணு மங்கலா இருக்கு. பூவோட சேதி முழுக்க அதுலதான் இருக்கு. உங்க பொருள்ல ஒரு புரோமின் அணு ஒட்டிக் குடுத்தீங்களே, அது நல்ல கனமான ஆளு. கூட்டத்துல குண்டு மனுஷனை முதல்ல கண்டுபிடிச்சிட்டா, மத்தவங்க அவருக்கு எத்தனை தூரத்துல நிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கலாம். அதுக்கு எனக்கு ஒரே ஒரு படிகம் வேணும். இங்க பாருங்களேன், இந்தத் தட்டுல எப்படிக் கிடக்குன்னு."

பிம் கண்ணாடித் தட்டின் மேல் குனிந்தார். நன்றாகவே குனிந்தார். தாடி தட்டின் விளிம்பை ஒரு பெருக்குப் பெருக்கியது. நெஸ்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுமை வேணும்மா, பொறுமை," என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார்.

மறுநாள் காலையில் தட்டின் நடுவில் ஒரு படிகம் இருந்தது. கசகசா அளவு, தெளிந்த நீர் மாதிரி நிறம், கத்தியால் சீவியது போன்ற முகங்கள். ஹெஸ்டர் கூச்சல் போட்டதில் கார்சைட் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவள் அதை ஒரு கண்ணாடி நாரின் நுனியில் ஒட்டி, கேமராவுக்குள் நிறுத்தி, சுற்றிலும் பிலிமை வளைத்து வைத்தாள். எக்ஸ்ரே குழாய் நாள் முழுக்க ரீங்காரம் போட்டது. சாயங்காலம் இருட்டறையிலிருந்து பிலிம் வெளியே வந்தபோது, அதைப்போல அழகான படத்தை அந்த அடித்தளம் பார்த்ததில்லை. ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஸ்கேல் எடுத்துப் புள்ளிகளை அளந்துவிட்டுப் பேசவேண்டும். யார் அளந்தார்கள்? கார்சைட் பிலிமைத் தூக்கிக்கொண்டு நேரே தேநீர் அறைக்குப் போய், மாடிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஆட்டிக் காட்டினார். யாரோ ஷெர்ரி ஒயின் பாட்டிலை எடுத்தார்கள். பிம் தன் கையால் ஹெஸ்டருக்கு ஊற்றிக் கொடுத்து, "ஆறுன்னு வந்ததும் சொல்லியனுப்பு," என்றார். ஹெஸ்டர் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் அளந்தாள். அந்த நெசவின் இடைவெளி பொருளுக்குப் பொருள் மாறும், அதுதான் அதன் அடையாளம். முதல் எண் வந்தது. இரண்டாவது எண் வந்தது. மூன்றாவதையும் கோணத்தையும் போடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கார்சைடின் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் பழகுவது சர்க்கரையில்தான். அதுவும், போர் முடிந்தும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த தங்கள் சொந்த ரேஷன் சர்க்கரையில். ஒரு துணுக்கை நிறுத்திப் படம் எடுத்து, அளந்து, அதன் எண்களைச் சரியாகச் சொல்கிறவரை தேநீரில் சர்க்கரை கிடையாது. ஹெஸ்டருக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த எண்கள் அவளுக்குத் தன் வீட்டுக் கதவு எண்ணைப் போல மனப்பாடம். இப்போது அவையே காகிதத்தில் வந்து நின்று அவளைப் பார்த்தன.

"நெஸ்டா," என்றாள். "சர்க்கரைடி."

"எது?"

"அது."

நெஸ்டா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று அவள் எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை. சிரித்து, அப்புறம் ஹெஸ்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நீ டீ குடிச்சியா இங்க?"

"இந்த வார ரேஷனே தீர்ந்துபோச்சு. சர்க்கரையக் கண்ணால பார்த்து நாலு நாளாச்சு." சொல்லும்போதே ஹெஸ்டருக்கு அந்த எலுமிச்சை வாசனை நினைவுக்கு வந்தது. சர்க்கரை தூவிய எலுமிச்சை மிட்டாய்! திருமதி பிம்மும் குடும்ப வைத்தியரும் சேர்ந்து பேராசிரியருக்கு இனிப்பையே நிறுத்தி ஒரு வருடமாகிறது என்பது கல்லூரிக்கே தெரியும். சர்க்கரையில்லாத தேநீரை அவர் தினமும் எல்லோரும் பார்க்க, தியாகி மாதிரி குடிப்பார்.

"தாடி!" என்றாள் நெஸ்டாவும் அதே நேரத்தில். "ஐயோ, போய்ச் சொல்லுடி! தப்பு உன்மேல இல்லன்னு ஆயிடும்."

"அளக்காம ஆடினது நாமதானே. அவரு மானத்த வாங்கி எனக்கு என்ன கிடைக்கும்?"

அவள் சொல்லவில்லை. சர்க்கரை என்று மட்டும் கார்சைடிடம் சொன்னாள். எங்கிருந்து விழுந்தது என்று தெரியவில்லை என்றாள். செய்தி மாடிக்கு ஏற எத்தனை நேரம் ஆகும்? அடுத்த நாளிலிருந்து ஹெஸ்டரின் மேஜையில் காலையில் வந்து பார்த்தால் ஒரு சர்க்கரைக் கட்டி இருக்கும். ரேஷன் காலத்தில், தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கேலி செய்தார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு ஆனந்தம் இருந்திருக்கவேண்டும்! படிக்கட்டில் போனால், "மிஸ் ஓல்ட்ராய்ட், உப்பு எப்பப் படம் பிடிக்கப் போறீங்க?" என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நெஸ்டா அந்தக் கட்டிகளை எல்லாம் ஒன்று விடாமல் தேநீரில் போட்டுக் குடித்தாள்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிம் கீழே வந்தார், தனியாக. கதவைச் சாத்தினார்.

"அந்தச் சர்க்கரை... எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ப்ரொபசர்."

"யார்கிட்டயும் சொல்லலையே."

"கேக்கறவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கறதோட திருப்தியா இருக்காங்க."

பிம்மின் காது சிவந்தது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாரத்துக்கு ஒரு பொட்டலம். அவ்வளவுதான். எங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்று நிறுத்தி, தாடியைத் தடவிப்பார்த்து, விரலை நக்கினார். "சரி, ஒரு துணுக்கு எப்படி உன் தட்டுல விழும்? நான் எட்ட நின்னுதானே பார்த்தேன்?"

ஹெஸ்டர் அவரைப் பார்த்தாள். இனிமேல் எதற்கு மறைப்பது என்று தோன்றிவிட்டது. முப்பது வருட ரகசியத்தை அவரிடமே சொன்னாள்: குடுவைகள், மாணவர்கள் அவரை ஏன் கூப்பிடுகிறார்கள், தான் ஏன் கூப்பிட்டாள் எல்லாம். அவர் எழுந்துபோய் இருட்டறைக் கதவின் கண்ணாடியில் தன்னையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கைராசின்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து ஹெஸ்டர் கேட்டதே இல்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. அப்புறம் அவர் திரும்பி, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நாள் வேணும்."

"லண்டன்காரன் கோடை வரைக்கும் காத்திருக்கட்டும்," என்றார் பிம். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாள் கிடைத்தது, படிகம் கிடைக்கவேண்டுமே. அந்தத் தட்டை அவள் வெறுப்பில் ஜன்னல் திட்டில் ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை அதைக் கழுவலாமென்று எடுத்த நெஸ்டா, குழாயைத் திறக்கப்போன கையை அப்படியே நிறுத்தினாள். விளிம்பில், தாடி பெருக்கிய அந்தப் பக்கத்தில், மயிரிழை போல நாலைந்து ஊசிகள் முளைத்திருந்தன. மங்கலான மஞ்சள் நிறம், கோணல் மாணலான நுனி.

"இது பார்க்கவே சகிக்கல," என்றாள் நெஸ்டா. "அப்ப இதுதான்."

இந்தத் தடவை ஹெஸ்டர் யாரிடமும் மூச்சு விடவில்லை. படம் எடுத்தாள். அளந்தாள். சர்க்கரையின் எண்கள் இல்லை. மறுபடி அளந்தாள், யாருடைய எண்களும் இல்லை. அதற்குப் பிறகுதான் கார்சைடின் அறைக் கதவைத் தட்டினாள்.

வசந்தம் முழுக்க வேலை. படிகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் படங்கள். ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் கண்ணாலேயே ஒப்பிட்டு மதிப்புப் போடுவது. முதலில் அந்தக் குண்டு மனிதர் புரோமினைப் பிடிப்பது. பிறகு பெட்டியைத் திறந்து பட்டிகளை அடுக்குவது. ஹெஸ்டர் எண்ணைச் சொல்ல நெஸ்டா கூட்டினாள். மற்றவர்களுக்காகப் போட்ட அதே கூட்டல்தான். தனக்காகப் போடும்போது முதுகுவலிகூடத் தெரியவில்லை. கடைசியில் எண்களையெல்லாம் தாளில் நிரப்பி, சம அளவு எண்களைக் கோட்டால் இணைத்தாள். மேட்டுநில வரைபடத்தில் குன்றுகளைச் சுற்றிக் கோடு போட்டிருக்குமே, அதே மாதிரி. எலக்ட்ரான்கள் அடர்ந்த இடமெல்லாம் குன்றாக எழுந்தது. ஒவ்வொரு குன்றும் ஓர் அணு.

ஜூன் மாதம் பிம்மை அழைத்தாள். கார்சைட் தான் சொல்வதாகச் சொன்னார், அவள் விடவில்லை. ஆனால் அவர் மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டதும், யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் பொருந்தவில்லை. நான்கு வருடம் சண்டை போட்ட மனிதரிடம், அவரே கொடுத்த நாளில், அவர் தாடி போட்ட விதையில் முளைத்ததை வைத்து எப்படிச் சொல்வது? அவள் வரைபடத்தை மேஜையில் விரித்து நகர்ந்துகொண்டாள்.

இந்த விஷயத்தில் பிம்மை ஏமாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரைபடத்தோடு மலையேறுகிறவர். உயரக் கோடுகளைப் படிப்பது அவருக்குச் செய்தித்தாள் படிப்பது போல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்தப் பெரிய மலை?"

"புரோமின்."

"ம். இந்தப் பக்கம் இறங்கினா... ஆ, வளையம்." விரல் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போயிற்று. "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." விரல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. அவர் மறுபடியும் புறப்பட்டார், இந்த முறை எதிர்ப்பக்கமாக. அதே இடத்தில் வந்து முடிந்தது.

"ஆறாவது எங்கம்மா?"

"வளையத்துக்கு வெளிய நிக்குது ப்ரொபசர். இதோ, வாசல்ல காவல் நிக்கிற மாதிரி."

பிம் அந்தக் குன்றின் மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

"இது சர்க்கரை இல்லையே?"

"இல்ல ப்ரொபசர். மூணு தடவை அளந்துட்டேன்."

அவர் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "வா," என்றார்.

தேநீர் அறையில் கூட்டம். கல்லூரி அலுவலகத்து மிஸ் டாட்வெல்லும் இருந்தார். திருமதி பிம்மோடு சீட்டாடுகிறவர். அவரைப் பார்த்ததும் பிம் ஒரு கணம் தயங்கினார். ஹெஸ்டர் அதைக் கவனித்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"வளையத்துல அஞ்சு அணு. நான் நாலு வருஷமா ஆறுன்னு கத்திட்டிருந்தேன், அது தப்பு. கண்டுபிடிச்சது மிஸ் ஓல்ட்ராய்ட். கட்டுரையில அவ பேருதான் முதல்ல வரும்." சலசலப்பு எழுந்தது. அவர் கையைத் தூக்கினார். "இருங்க, இன்னொண்ணு இருக்கு. இந்தப் பொண்ணு மேஜையில தினமும் சர்க்கரைக் கட்டி வச்ச மகானுபாவங்களுக்குச் சொல்றேன். அந்தச் சர்க்கரை என் தாடியிலேர்ந்து விழுந்தது. அவளுக்கு அது தெரியும். நாலு மாசமா உங்க கேலியத் தான் வாங்கிக்கிட்டு என்னைக் காட்டிக்குடுக்கல."

மிஸ் டாட்வெல் கோப்பையைக் கீழே வைத்தார். அன்று மாலை பிம்மின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஹெஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் வரை காத்திருக்காமல் அங்கேயே, எல்லோர் எதிரிலும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பேராசிரியர் கீழே வந்தபோது ஒரு கையில் பெரிய காகிதப் பொட்டலம், இன்னொரு கையில் ஒரு குடுவை.

"வீட்டம்மா குடுத்தனுப்பினா," என்று பொட்டலத்தை ஹெஸ்டரிடம் நீட்டினார். எல்லாக் கோட்டுப் பைகளிலும் துழாவி எடுத்த எலுமிச்சை மிட்டாய்கள். "என் கையாலேயே கொண்டுவந்து குடுக்கணுமாம். அதுதான் தண்டனை."

பிறகு குடுவையை மேஜையில் வைத்தார். பழுப்பு நிறத்தில், தேன்பாகு மாதிரி ஏதோ இருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய கோழிக்கிறுக்கலில் ஹெஸ்டரின் பெயர் எழுதியிருந்தது.

"லண்டனுக்கு அனுப்பலையா ப்ரொபசர்?"

"எதுக்கு? அவங்ககிட்ட மெஷின்தானே இருக்கு."

ஹெஸ்டர் கண்ணாடித் தட்டை எடுத்து வைத்து, பாகில் கொஞ்சம் ஊற்றினாள்.

"முதல்ல சர்க்கரையத் தட்டிட்டு வாங்க," என்றாள் நெஸ்டா, தன் கூட்டலிலிருந்து தலை நிமிராமல்.

பிம் வெளியே போய்த் தாடியை நன்றாக உதறிவிட்டு வந்தார். யாரும் கேட்காமலே தட்டின் மேல் குனிந்தார்.